இங்கிலாந்தின் வம்ச ஆராய்ச்சியில் ஜனத்தொகைக் கணக்கும் விவாகப் பதிவும்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தம் குல முன்னோரைத் தேடப் புகுவோர்க்கு முதன்மையான ஆதாரங்கள், 1837 ஜூலை முதல் தேதியன்று தொடங்கிய சர்க்கார் விவாகப் பதிவுகளும், 1841 முதல் தனித்தனி ஆட்களின் பெயரோடு பேணப்பட்டு வரும் ஜனத்தொகைக் கணக்கேடுகளுமாகும். சர்க்கார் ஏடுகள் என்ற காரணத்தாலேயே இவற்றில் கண்டதனைத்தையும் பிரமாணமாகக் கொள்வதும், இரண்டும் முரண்படுமிடத்து ஒன்றைப் பொய்யென்று தள்ளுவதும் ஆராய்ச்சி நெறியாகா. யார் சொல்ல, யார் எழுத, எந்த விதிப்படி ஒரு செய்தி ஏட்டில் ஏறியது என்று விசாரித்த பின்னரே அதன் மதிப்பை நிர்ணயித்தல் தகும்.

வயதையே எடுத்துக்கொள்வோம். 1841ஆம் ஆண்டுக் கணக்கில், பதினைந்துக்கு மேற்பட்டோரின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்தெழுதுமாறு கணக்கெடுப்போருக்கு உத்தரவிருந்தது. ஆகவே, அவ்வேட்டில் 35 என்றும் 1851இல் 47 என்றும் காணப்படும் ஒரு பெண்ணின் வயது முன்னதில் 37 ஆக இருந்து குறைக்கப்பட்டது என்று கொண்டால், முரண்பாடு தானே தீர்ந்துவிடுகிறது. விவாகப் பதிவில் பூரண வயது என்று மட்டும் குறித்திருப்பின், 21 நிரம்பியதாக மணமக்கள் சொன்னார்கள் என்பதற்கு மேல் அது எதையும் நிரூபியாது.

எழுதிய கையையும் நோக்க வேண்டும். 1841 முதல் 1901 வரை நமக்குப் பெரும்பாலும் எஞ்சியிருப்பவை, வீட்டுத் தலைவர்கள் தந்த படிவங்களைப் பார்த்துக் கணக்கெடுப்போர் எழுதிய பிரதிகளே. வீட்டாரின் சொந்தக் கையெழுத்து 1911 முதற்கொண்டே கிடைக்கிறது. அவ்வாறே தலைமைப் பதிவகத்திலுள்ள ஆலய விவாகப் பதிவும், மூன்று மாதங்களுக்கொருமுறை பாதிரிமார் அனுப்பிய நகலாகும். மணமக்கள் தம் கையால் இட்ட ஒப்பத்தையோ கீறலையோ ஆலயத்தின் மூல ஏட்டிலேதான் காணலாம்.

இவ்விரண்டின் குறைகளும் வேறுவேறாக இருப்பதே ஆராய்ச்சியாளனுக்கு அநுகூலம். 1851 முதற்கொண்டு கணக்கேடு பிறந்த ஊரைச் சொல்லும். மனைவியின் பிறந்தகத்துப் பெயரைச் சொல்லாது. விவாகப் பதிவு அப்பெயரையும், இருவர் தந்தையரின் பெயர், தொழில்களையும் தரும். பிறந்த ஊரைத் தராது. ஜோன்ஸ் என்ற பெயர் மலிந்த வேல்ஸில், பெயர் ஒத்திருப்பதால் மட்டும் உறவு ஸ்தாபிதமாகாது. விவாகப் பதிவு கூறும் தந்தையின் தொழிலும் கணக்கேட்டில் வரும் குடும்பத் தலைவனின் தொழிலும் இணங்கினால், அநுமானம் வலுப்பெறுகிறது. அதன்மேல், பிறந்த ஊரைக் கொண்டு, அரசனின் அமைச்சரான தாமஸ் கிராம்வெல் 1538இல் இட்ட ஆணையால் தொடங்கிய ஆலய ஞானஸ்நான ஏடுகளுக்குச் செல்ல வழி பிறக்கிறது.

எனினும், மணவுறவின்றிப் பிறந்தோர் சிலர் விவாகத்தின்போது தந்தையாகக் கற்பனைப் பெயரைக் கொடுத்ததுண்டு. தாயின் பெயரோ 2021 மே 4 முதல்தான் விவாகப் பதிவில் இடம்பெறலாயிற்று. இக்காரணங்களால், தனிச் சாட்சியத்தின்மேல் நிற்கும் ஒவ்வொரு தலைமுறையையும் வம்சாவளியில் ஊகம் என்றே குறித்து, வேறு வழியில் வந்த இரண்டாவது சாட்சியம் அதனோடு இணங்கிய பின்னரே நிச்சயமெனக் கொள்வது முறையாகும்.