மருத்துவ அலட்சியத்துக்கு இழப்பீடு: கேரள எல்லைப் பகுதி மக்கள் எங்கு, எப்படிக் கோரலாம்?

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர், வாளையாறு பகுதி மக்கள் உயர் சிகிச்சைக்காகக் கோவைக்கும், இடுக்கி மாவட்டத்தின் மூணாறு, குமுளி பகுதி மக்கள் தேனி, மதுரைக்கும் செல்வது வழக்கம். அங்கு சிகிச்சையில் தவறு நேர்ந்தால் எந்த மாநிலத்தில் வழக்குத் தொடுப்பது என்ற குழப்பம் பலருக்கு உண்டு. 2020 ஜூலை 20-இல் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இதற்கு விடையளிக்கிறது.

எங்கு வழக்குத் தொடுக்கலாம்?

இச்சட்டத்தின் 34-ஆவது பிரிவின்படி, புகார்தாரர் தாம் வசிக்கும் அல்லது பணிபுரியும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே புகார் அளிக்கலாம். எனவே, கோவை மருத்துவமனைக்கு எதிராகப் பாலக்காட்டிலும், மதுரை மருத்துவமனைக்கு எதிராக இடுக்கியிலும் வழக்குத் தொடர முடியும்.

சிகிச்சைக்குச் செலுத்திய தொகை ரூ.50 லட்சம் வரை இருந்தால் மாவட்ட ஆணையமும், ரூ.2 கோடி வரை மாநில ஆணையமும், அதற்கு மேல் தேசிய ஆணையமும் விசாரிக்கும். கோரும் இழப்பீட்டின் அளவு இதில் கணக்கில் கொள்ளப்படுவதில்லை. செலுத்திய தொகை ரூ.5 லட்சத்துக்குள் இருந்தால் புகார்க் கட்டணம் கிடையாது. வழக்குரைஞர் இன்றித் தாமே வாதிடவும் உரிமை உண்டு.

இலவச சிகிச்சைக்குப் பொருந்துமா?

மருத்துவ சேவை நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டது என உச்ச நீதிமன்றம் 1995-ஆம் ஆண்டு வி.பி.சாந்தா வழக்கில் தீர்ப்பளித்தது. அதன்படி, அனைவருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை அளிக்கும் மருத்துவமனைகள் இச்சட்ட வரம்பில் வாரா. சிலரிடம் கட்டணம் பெற்றுச் சிலருக்கு இலவசமாகச் சிகிச்சை அளித்தால், இலவச நோயாளியும் புகார் அளிக்கலாம். பணி நிபந்தனையின் பகுதியாக முதலாளியோ, காப்பீட்டு நிறுவனமோ செலவை ஏற்கும் சிகிச்சையும் இலவசமாகக் கருதப்படாது. தோட்டத் தொழிலாளர்கள் கவனிக்க வேண்டிய விதி இது. நுகர்வோர் சட்டம் பொருந்தாத நிலையில் உரிமையியல் நீதிமன்றத்தை அணுகலாம்.

எது அலட்சியம்?

சிகிச்சை பலனளிக்காதது மட்டுமே அலட்சியம் ஆகாது. அதே துறையில் சாதாரணத் திறனுடைய மருத்துவர் காட்டும் கவனத்தை இவர் காட்டத் தவறினார் என்பதும், அதனால்தான் பாதிப்பு நேர்ந்தது என்பதும் நிரூபிக்கப்பட வேண்டும். குற்ற வழக்குக்கு இது போதாது. அலட்சியம் மிகக் கடுமையானதாக இருக்க வேண்டும் என 2005-ஆம் ஆண்டு ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. மருத்துவக் கவுன்சில் மருத்துவர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம். இழப்பீடு வழங்க அதற்கு அதிகாரமில்லை.

தொகை எவ்வாறு கணக்கிடப்படுகிறது?

சிகிச்சைச் செலவு, வருமான இழப்பு, எதிர்கால மருத்துவத் தேவை, வலியும் மன வேதனையும் ஆகியவை கணக்கில் கொள்ளப்படும். சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையில் 1996-இல் குறைமாதத்தில் பிறந்த பெண் குழந்தைக்கு உரிய நேரத்தில் விழித்திரைப் பரிசோதனை செய்யப்படாததால் பார்வை பறிபோனது. தேசிய ஆணையம் வழங்கிய ரூ.5 லட்சத்தை, 2015 ஜூலை 1-இல் உச்ச நீதிமன்றம் சுமார் ரூ.1.8 கோடியாக உயர்த்தியது. இதில் ரூ.1.38 கோடி எதிர்காலச் செலவுக்கானது. விலைவாசி உயர்வும் அதில் சேர்க்கப்பட்டது. தொகையின் பெரும்பகுதியைத் தமிழக அரசே செலுத்த நேர்ந்தது. கொல்கத்தா தனியார் மருத்துவமனை தொடர்பான வழக்கில் 2013-இல் ரூ.6 கோடிக்கு மேல் வழங்கப்பட்டது.

காலக்கெடுவும் ஆவணங்களும்

வழக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் புகார் அளிக்க வேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஆணையம் ஏற்கலாம். நோயாளியோ, அவரால் அதிகாரம் பெற்றவரோ கேட்ட 72 மணி நேரத்துக்குள் சிகிச்சை ஆவணங்களை மருத்துவர் வழங்க வேண்டும் என 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகள் கூறுகின்றன. உள்நோயாளிகளின் ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கியதிலிருந்து 3 ஆண்டுகள் பாதுகாப்பதும் கட்டாயம். கோரிக்கையை எழுத்துபூர்வமாக அளித்து, ஒப்புகை பெறுவது பின்னர் சான்றாக அமையும்.

மாவட்ட ஆணையத்தின் உத்தரவை எதிர்த்து 45 நாள்களுக்குள் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம். இழப்பீடு வழங்க உத்தரவிடப்பட்ட தரப்பு மேல்முறையீடு செய்தால், அத்தொகையில் பாதியை முன்கூட்டியே செலுத்த வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐத் தொடர்புகொண்டும் வழிகாட்டுதல் பெறலாம்.