காளையைக் கண்ட உழவன்

பள்ளங்கி போன்ற கோடைக்கானல் மலைக்கிராமங்களில் காட்டுமாடு தோட்டத்துக்குள் இறங்குவது பழகிப்போன செய்தி. அதையே ஒரு வாக்கியமாக வைத்துக்கொள்வோம்: உழவன் காளையைக் கண்டான். சொற்களை எப்படி வேண்டுமானாலும் மாற்றிப்போடுங்கள். காளையை உழவன் கண்டான். கண்டான் உழவன் காளையை. அழுத்தம்தான் மாறும். யார் யாரைப் பார்த்தார் என்பது மாறாது. ‘ஐ’ என்ற உருபு காவலுக்கு நிற்கிறது.

லத்தீனிலும் இதே கதைதான். ‘அக்ரிகொலா தௌரும் வீதித்’ என்றால் உழவன் காளையைக் கண்டான். ‘தௌரும் அக்ரிகொலா வீதித்’ என்றாலும் அதேதான். காளை உழவனைப் பார்க்க வேண்டுமென்றால் ஈறுகளை மாற்றணும்: ‘அக்ரிகொலாம் தௌருஸ் வீதித்’.

ஆங்கிலத்தில் ‘தி ஃபார்மர் சா தி புல்’ என்பதில் ஃபார்மரையும் புல்லையும் இடம் மாற்றிப் பாருங்கள். கதையே தலைகீழாகிவிடும். அங்கே இடம்தான் வேற்றுமை உருபு.

பள்ளங்கியிலிருந்து கோடைக்கானல் வந்து, அங்கிருந்து மலையிறங்கும் சாலையில் போனால் செண்பகனூர். 1895இல் இயேசு சபையினர் அங்கே திரு இருதயக் கல்லூரியைத் தொடங்கினார்கள். அந்தக் காலத்துக் குருமாணவர்களுக்கு லத்தீன் தெரியாமல் படிப்பு நகராது. மதுரை இயேசு சபை மாகாணத்தின் ஆவணக்காப்பகமும் அங்கேதான் இருக்கிறது. அந்தச் சபை மதுரை மிஷனுக்கு அனுப்பியவர்களில் ஒருவர்தான் வீரமாமுனிவர் என்று நாம் அறிந்த பெஸ்கி.

இத்தாலிக்காரரான பெஸ்கி (1680–1747) கொடுந்தமிழுக்கு, அதாவது பேச்சுத்தமிழுக்கு, ஓர் இலக்கணம் எழுதினார். எழுதியது லத்தீனில். ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்து வந்த பாதிரிகளுக்குப் பொதுமொழி அதுதான். 1738இல் அதை அச்சிட்டது தரங்கம்பாடியிலிருந்த லுத்தரன் அச்சகம். பெஸ்கி கடுமையாக எதிர்த்து எழுதிய அதே சபைக்காரர்கள்! அவர்களின் முன்னோடி சீகன்பால்குவும் தன் தமிழ் இலக்கணத்தை லத்தீனில்தான் எழுதினார். அது 1716இல் ஹாலே நகரில் வெளிவந்தது.

லத்தீன் வழியாகத் தமிழுக்குள் நுழைந்தவர்களுக்குச் சில கதவுகள் ஏற்கெனவே திறந்திருந்தன. வேற்றுமை என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. ‘வீதி’ என்ற ஒரே சொல் ‘கண்டேன்’. ‘நான்’ உள்ளேயே இருக்கிறது. வினை கடைசியில் வருவதும் அவர்களுக்குப் புதிதில்லை. லத்தீன் உரைநடையில் அது வழக்கம்தான், கட்டாயமில்லை என்றாலும். ‘தௌரோ வீசோ’ என்று இரண்டே சொல்லில் முடித்துவிட்டு, அக்ரிகொலா திரும்பினான் என்று தொடரலாம். நாம் ‘காளையைக் கண்டு’ என்ற வினையெச்சத்தால் செய்கிற வேலை ஏறக்குறைய இதுதான்.

எல்லாக் கதவும் திறக்கவில்லை. நம் எட்டு வேற்றுமைகளுக்கு எதிரே பாடப்புத்தக லத்தீனில் இருப்பவை ஆறு. நம் மூன்றாம், ஐந்தாம், ஏழாம் வேற்றுமைகளின் வேலைகளில் பெரும்பகுதியை அங்கே ஒரே வேற்றுமை சுமக்கிறது. பெயரடை விஷயம் இன்னும் வேறு. குறிஞ்சிச் செடியின் தாவரப்பெயர் ‘ஸ்ட்ரோபிலாந்தஸ் குந்தியானா’. அதையே ‘ஃப்ளெபோஃபில்லம்’ என்ற பேரினத்தில் வைத்தபோது ‘குந்தியானும்’ ஆனது. பெயரின் பால் மாறினால் அடைமொழியின் வாலும் மாறணும். தமிழில் ‘நல்ல’ யாருக்காகவும் மாறுவதில்லை.

பெயரெச்சம் வரும்போது கூட்டணியே மாறுகிறது. லத்தீன்காரரும் ஆங்கிலேயரும் உழவனை முதலில் நிறுத்திவிட்டு, ‘எவன் காளையைக் கண்டானோ அவன்’ என்கிற பாணியில் பின்னால் விளக்குவார்கள். நாம் ‘காளையைக் கண்ட உழவன்’ என்கிறோம். இங்கே லத்தீன் கைகொடுக்காது. தமிழைத் தமிழாகத்தான் கற்கணும்.

செந்தமிழ் பற்றி பெஸ்கி லத்தீனில் எழுதிய இன்னொரு இலக்கணத்தை பெஞ்சமின் பாபிங்டன் ஆங்கிலமாக்கி 1822இல் சென்னையில் வெளியிட்டார். தமிழைப் பார்க்கும் ஐரோப்பியக் கண்ணாடி மெல்ல மாறிக்கொண்டிருந்த காலம் அது. இன்று அந்த ஆங்கிலக் கண்ணாடியை நாமே போட்டிருக்கிறோம். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் ‘தமிழ் வாக்கியத்தைப் பின்னாலிருந்து மொழிபெயர்’ என்கிறார்கள். பிள்ளைகளும் நம்ம மொழிதான் தலைகீழ் போல என்று நம்பிவிடுகிறார்கள்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்திலும் வேற்றுமை ஈறுகள் இருந்தன; சொற்கள் இன்றைவிடத் தாராளமாக இடம் மாறின. ஈறுகள் தேய்ந்து உதிர உதிர, அந்தப் பொறுப்பு சொல்வரிசையின் தலையில் ஏறியது. உழவன் முதலில், காளை கடைசியில் என்பது இயற்கையின் ஒழுங்கு அல்ல. ஒரு மொழி தன் இழப்பைச் சமாளித்த விதம். நம்மிடம் அந்த ‘ஐ’ இன்னும் பத்திரமாக இருக்கிறது.