மண்டலின் அமைப்பு மரபும் அதன் மூலச் சான்றுகளும்

இசைக்கருவிகளின் வரலாற்றை ஆராய்வோர் இசைவாணரையும் அவர்தம் ஆக்கங்களையும் நோக்குமளவிற்குக் கருவியைச் செய்த கைவினைஞனை நோக்குவதில்லை. பட்டறையிலே தந்தையிடமிருந்து மகனுக்குக் கைவழியாகச் சென்ற அறிவு, அம்மரபு அறுந்ததும் எவ்வாறு மீட்கப்படலாம் என்பது வரலாற்று மாணவன் சிந்தித்தற்குரிய வினாவாகும். வழக்கருகிய மண்டலின் வகைகள் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாக அமைகின்றன.

மண்டலின் என்ற ஒரே பெயரால் வழங்கும் கருவிகள் யாவும் ஓரினத்தன அல்ல. 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நேப்பிள்ஸ் நகரில் உருவான வகை, நான்கு சோடித் தந்திகளை உடையது. வயலினைப் போன்று சுருதி சேர்க்கப்படுவது. தந்திகள் உடலின் அடிப்புறத்தே பிணைக்கப்பட்டு, ஒட்டப்படாத குதிரையின் மேலாகச் செல்லும். இதனினும் மூத்த மண்டொலீனோ வகையோ லூட் என்னும் கருவியின் வழிவந்தது. ஐந்து அல்லது ஆறு சோடிக் குடல் நரம்புகள், மேற்பலகையில் ஒட்டப்பட்ட குதிரையிலேயே கட்டப்படும். அந்தோனியோ விவால்டி (1678–1741) மண்டலினுக்கு இயற்றிய இசையாக்கம் இம்மூத்த வகையை உளங்கொண்டே எழுந்தது என ஆய்வாளர் பலர் கருதுவர்.

இவ்வேறுபாடு பெயரளவில் நிற்பதன்று. ஒட்டாத குதிரை பலகையைக் கீழ்நோக்கி அழுத்துகின்றது. ஒட்டிய குதிரையோ பலகையைப் பற்றி இழுக்கின்றது. 19ஆம் நூற்றாண்டில் உருக்குத் தந்திகள் பரவியபோது நேப்பிள்ஸ் வகை தன் உடலை வலுப்படுத்தி அவற்றை ஏற்றுக்கொண்டது. குடல் நரம்புக்கென மெலிதாகச் செய்யப்பட்ட மண்டொலீனோவில் உருக்குத் தந்தியைப் பூட்டின் குதிரை பெயரும், பலகை வளையும். எனவே, ஒரு வகைக்குரிய வரைபடத்தைக் கொண்டு மற்றொன்றைச் செய்ய முற்படுவோன் இரண்டினையும் இழப்பான்.

அவ்வாறாயின் மூத்த வகைக்குரிய சான்றுகள் யாவை? கிரெமோனா நகரத்து அந்தோனியோ ஸ்ராடிவாரியை (இறப்பு 1737) உலகம் வயலின் ஆசானாகவே அறியும். அவர் மண்டலின்களும் செய்தார் என்பது பலர் அறியாதது. அவற்றுள் இன்று எஞ்சியிருப்பவை மிகச் சிலவே. ஆயினும் அவருடைய பட்டறைக் கடதாசி மாதிரிகளும் மர அச்சுக்களும் அழியாது தப்பின. அவற்றை அவர் மகன் பாவுலோவிடமிருந்து 1775–76 அளவில் கோசியோ பிரபு விலைக்குப் பெற்றார். 1920இல் யுசெப்பே பியோரினி என்ற கருவியாக்கக் கலைஞர் அவற்றை வாங்கி, 1930இல் கிரெமோனா நகருக்கே நன்கொடையாக வழங்கினார். மண்டலினுக்குரிய மாதிரிகளும் அத்தொகுதியுள் அடங்கும். பழஞ்சரக்கென ஒதுக்கப்பட்டிருக்கக்கூடிய கடதாசித் துண்டுகள் இன்று முதன்மைச் சான்றுகளாக விளங்குகின்றன.

எனினும், மாதிரி தருவது உருவரையையே. பலகையின் தடிப்பை அது கூறாது. தடிப்பை அறிய எஞ்சிய கருவிகளை அளத்தல் வேண்டும். அக்கருவிகளோ பிற்காலத்தாரால் புதிய கழுத்தும் புதிய குதிரையும் பூட்டப்பெற்று மாற்றமுற்றிருத்தல் கூடும். ஆகவே மாதிரி, கருவி, அக்காலச் சுருதி முறை ஆகிய மூன்றையும் ஒப்புநோக்கியே முடிவுக்கு வருதல் தகும். சாசனத்தையும் இலக்கியத்தையும் தொல்பொருளையும் இணைத்து நோக்கும் வரலாற்றாசிரியனின் நெறியும் இதுவேயன்றோ!

எழுத்துச் சான்றும் முழுமையானதன்று என்பதற்கு அமெரிக்க மரபு சான்று பகரும். ஓர்வில் கிப்சன் 1898இல் பெற்ற ஆக்கவுரிமைப் பத்திரம், பக்கங்களை வளைக்காது மரத்தைக் குடைந்தே உடலை அமைக்கும் முறையை வரைபடத்துடன் விளக்குகின்றது. ஆனால் 1902இல் அவர் பெயரால் நிறுவப்பட்ட தொழிற்சாலை, பிற்காலத்தில் பக்கங்களை வளைத்தே செய்தது. பத்திரத்தை மட்டும் நம்புவோன் தொழிற்சாலை வழக்கை அறியான். 1922இல் லொயிட் லோரின் மேற்பார்வையில் வெளிவந்த எப்-5 வகை, பில் மன்றோவின் வாசிப்பினாற் பெரும்புகழ் எய்தியது. அதன் விளைவாக வரைபடங்களும் செய்முறை நூல்களும் அவ்வகையைச் சுற்றியே பெருகின. புகழ் பெற்றது மேலும் பேணப்படுவதும், அருகியது மேலும் மறைவதும் வரலாற்றில் புதியனவல்ல.

ஆயினும் பழைய வடிவைப் பேணுதல் என்பது புதுமையை மறுத்தலாகாது. உப்பலப்பு ஸ்ரீநிவாஸ் (1969–2014) கருநாடக இசையின் கமகங்களுக்கு இயைய, சோடித் தந்திகளை விடுத்து ஐந்து தனித் தந்திகளைக் கொண்ட மின் மண்டலினைக் கையாண்டார். இசையின் தேவையே கருவியின் வடிவை மாற்றிற்று. அத்தகைய மாற்றத்தின் பொருள் விளங்க வேண்டுமாயின், மாற்றத்திற்கு முந்திய வடிவின் அளவுகள் எங்கேனும் பதிவு பெற்றிருத்தல் இன்றியமையாதது. ஒரு பட்டறை மூடப்படும்போது அதன் கருவிகளோடு கடதாசிகளும் காக்கப்படுமாயின், அறுந்த மரபும் பின்னொரு காலத்தில் மீண்டும் ஒலிக்கும்.