நூறு நாள் ஆண்டின் பொற்காசு

பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுப் பொற்காசுகளைத் தேடிச் சேர்ப்போர், எஞ்சியுள்ள எண்ணிக்கையைக் கொண்டே காசின் மதிப்பை அளப்பர். வரலாற்றாய்வாளர்க்கு அவ்வளவுகோல் மட்டும் போதுமானதாகாது.

1803 மார்ச்சு 28ஆம் நாள் இயற்றப்பெற்ற சட்டத்தின்படி, 20 பிராங்குப் பொற்காசு 6.45 கிராம் எடையும் ஆயிரத்தில் 900 பங்கு பொன்னும் கொண்டதாக அமைந்தது. முதற்காசுகளில் ‘முதல் கான்சல் போனபார்ட்’ எனும் பெயர் காணப்படுகிறது. 1804இல் அவர் பேரரசரானபின், முகப்பில் ‘பேரரசர் நெப்போலியன்’ எனப் பொறிக்கப்பட்டது. பின்புறத்திலோ ‘பிரெஞ்சுக் குடியரசு’ எனும் தொடர் 1808 வரை நீடித்தது. குடியரசின் பெயரை உடனே அகற்றாமலேயே முடியாட்சி வேரூன்றியதை இம்முரண் புலப்படுத்துகிறது.

ஆண்டுக் குறிப்பும் இங்கு நோக்கத்தக்கது. தொடக்கக் காசுகள் புரட்சி நாள்காட்டியின் ஆண்டுகளைத் தாங்கியவை. அந்நாள்காட்டியின் 14ஆம் ஆண்டு 1805 செப்டம்பர் 23இல் தொடங்கியது. 1806 சனவரி முதல் நாளில் பழைய கிரெகோரியன் முறை மீண்டும் நடைமுறைக்கு வந்ததால், அவ்வாண்டு நூறு நாள்களில் முடிவுற்றது. ஆகவே, ‘14’ எனப் பொறிக்கப்பெற்ற காசுகளுள், குறிப்பாகப் பாரிசுக்கு வெளியே இருந்த நாணயச்சாலைகளின் எழுத்துக் குறியுடையவை அரியனவாயின.

மாறாக, 1806, 1807ஆம் ஆண்டுப் பாரிசுக் காசுகள் எளிதிற் கிடைப்பன. சேகரிப்போர் அவற்றைப் பெரிதும் பொருட்படுத்துவதில்லை. எனினும், பேரரசரையும் குடியரசையும் ஒருங்கே சுமந்து நிற்பவை அவையே. அருமை வேறு, சான்று மதிப்பு வேறு. வகுப்பறையில் மாணவர்க்கு முதலில் காட்டத்தக்கது அந்த எளிய காசே எனலாம்.