வாயிலில் ஒலித்த வளையங்கள்

பிழைப்பு நாடி வடபுலம் வந்த முதல் நாள், முகவரித் துண்டொன்றைக் கையிற் பிடித்துத் தமிழன்பர் ஒருவரின் பழைய வீட்டு வாயிலில் நின்றேன். விரல் நோகத் தட்டியும் எவரும் வந்திலர். அவ்வழிச் சென்ற முதியவர் ஒருவர், கதவின் மேற்புறத்தே தொங்கிய இரும்புச் சங்கிலியைச் சுட்டிக் காட்டினார். ‘சாங்கல்’ என்பது அதன் பெயர். வெளியே செல்வோர் கதவைப் பிணைப்பதும் அதனால்; வருவோர் ஆட்டி ஒலியெழுப்புவதும் அதனால். ஆட்டினேன், கதவு திறந்தது. கதவைத் தட்டுவதற்கென மாந்தர் அமைத்த கருவிகளைப் பற்றி அறியும் ஆவல் அன்றே என்னுள் முளைத்தது.

பாரசீக நாட்டு யஸ்த் நகரின் பழைய கதவுகளில் இருவகைத் தட்டுக் கருவிகளைக் காணலாம். ஒன்று கனத்த உலோகத் தண்டு, ஆடவர்க்குரியது. மற்றொன்று மெல்லிய வளையம், பெண்டிர்க்குரியது. ஒலியைக் கேட்ட அளவிலேயே வந்தவர் ஆடவரா பெண்டிரா என்பதை வீட்டார் உணர்ந்து, அதற்கேற்பக் கதவைத் திறக்க எழுவர். பெயர் கூறுமுன்பே கதவு பேசிவிடும்!

இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டில் உள்ள பிரேஸ்நோஸ் கல்லூரி, தன் பெயரையே ஒரு தட்டு வளையத்தினின்று பெற்றது. அப்பெயர்க்குப் ‘பித்தளை மூக்கு’ என்பது பொருள். 1330களில் ஆக்ஸ்போர்டை விட்டு ஸ்டாம்ஃபோர்டு நகருக்குக் குடிபெயர்ந்த மாணாக்கர், அவ்வளையத்தையும் உடன் கொண்டு சென்றனர் என்பது வழிவழி வந்த செய்தி. அதனை மீட்கும் பொருட்டு, அது பொருந்தியிருந்த வீட்டையே 1890இல் கல்லூரியார் விலைக்கு வாங்கினர். இன்று அது கல்லூரியின் உணவுக் கூடத்தில் உயரே விளங்குகிறது. ஊர் விட்டு ஊர் வந்த நமக்கு, அம்மாணாக்கரின் உள்ளம் விளங்காமற் போகுமோ?

இவை யாவினும் என் நெஞ்சைத் தொட்டது, அந்நாட்டு டர்ஹாம் பேராலயத்தின் வட வாயில் வளையமே. 12ஆம் நூற்றாண்டில் வெண்கலத்தால் வார்க்கப்பட்ட அது, அச்சந்தரும் விலங்கு முகம் ஒன்றின் வாயில் தொங்குவது. கொலைப்பழிக்கு ஆளானவனும் ஓடி வந்து அதனைத் தட்டினால், துறவியர் கதவைத் திறந்து 37 நாள் அடைக்கலம் அளித்தனர். மஞ்சட் சிலுவை பொறித்த கருப்பு அங்கியை அவனுக்கு அணிவித்தனர். அந்நாட்களுக்குள் அவன் பகைவரோடு இணங்கலாம். இன்றேல் நாட்டை விட்டு நீங்கலாம். இவ்வடைக்கல உரிமை 1623ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கப்பட்டது. மூல வளையம் இப்போது ஆலயக் காட்சிக்கூடத்தில் காக்கப்படுகிறது. 1980 முதல் அதன் படியே கதவில் உள்ளது.

நம் மனுநீதிச் சோழனின் வாயிலில் தொங்கிய ஆராய்ச்சி மணியும் இவ்வினத்தைச் சேர்ந்ததன்றோ! நீதி வேண்டிய பசுவும் அதனை அசைக்கலாம் என்பதன்றோ அதன் பெருமை!

இக்காலத்து அடுக்கு மாடி வீடுகளில் மின்மணியே ஒலிக்கிறது. ஒலியைக் கொண்டு வந்தவர் இன்னார் என அறிய இயலாது. எனினும், வெளியே நிற்பவன் உள்ளத்துத் தவிப்பு மாறிற்றில்லை. வளையம் எத்துணை எழிலுடையதாயினும், அதன் பயன் திறக்கும் கையிடத்தேயே உள்ளது. முகவரித் துண்டுடன் நாளை வரும் புதியவர்க்கு, நம் சங்கத்தின் கதவு முதல் தட்டலிலேயே திறப்பதாகுக!