கடாரத்து மண்ணும் நம் கடமையும்

நம்மவர் மேடைகளில் கடாரத்தின் பெயர் ஒலியாத நாளில்லை. கடாரங் கொண்ட இராசேந்திர சோழனைச் சொற்பொழிவாளர் புகழ்வர். கூட்டமும் மகிழ்ந்து கைகொட்டும். கைகொட்டியோருள் அக்கடாரத்து மண்ணை நேரிற் சென்று கண்டவர் எத்துணைப் பேர்? சிடாம் கிரியிலும் சுங்கை பட்டாணியிலும் வாழும் நமக்கு அது கடல் கடந்த தேசமன்று. வானந் தெளிந்த காலையில் நம் கண்முன் எழுந்து நிற்கும் ஜெராய் மலையின் அடிவாரமே அது. அம்மலைக்கும் மூடா ஆற்றுக்கும் இடையே பூஜாங் பள்ளத்தாக்கென வழங்கும் நிலத்தில், காட்டுக்கும் தோட்டத்துக்கும் குடியிருப்புக்கும் கீழே ஒரு பழந்துறைமுக நாடு புதைந்து கிடக்கின்றது.

பிற நாட்டார் தம் மண்ணுக்குக் காட்டும் மதிப்பை முதலிற் காண்போம். இங்கிலாந்திலுள்ள யார்க் நகரம் ஒரு ரோமர் படைக்கோட்டையின் மீது எழுந்தது. அந்நகரத்துப் பெரிய தேவாலயத்தின் அடித்தளம் தளர்ந்தமை கண்டு, 1967 முதல் 1972 வரை அதனை உறுதிப்படுத்தத் தோண்டினர். அப்பொழுது கோட்டைத் தலைமையகத்தின் சுவர்கள் வெளிப்பட்டன. தம் முன்னோரை வென்ற அந்நியர் கட்டியதுதானே என்று அவற்றை அவர்கள் மண்ணிட்டு மூடிவிடவில்லை. தேவாலயத்தின் அடியிலேயே எல்லோரும் காணுமாறு போற்றி வைத்தனர். வென்றவன் யார், தோற்றவன் யார் என்பதைவிட, நடந்தது யாது என அறிதலே அறிவுடையோர் வழக்கம் அன்றோ?

இனி நம் கடாரத்துக்கு வருவோம். இப்பகுதியின் பழமையை ஆங்கில அதிகாரி ஜேம்ஸ் லோ என்பவர் 1830-களிலும் 1840-களிலும் எழுதி வெளியிட்டார். புத்தகுப்தன் என்னும் மாலுமித் தலைவனைக் குறிக்கும் 5-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, 1834-இல் செபராங் பிறையில் அவருக்குக் கிடைத்ததே. நூறாண்டு கழித்து, 1936-37-இல் குவாரிச் வேல்ஸ் தம்பதியர் முப்பது இடங்கள் வரை ஆராய்ந்து இலக்கமிட்டனர். 1958 முதல் 1960 வரை அலஸ்டர் லாம் என்பவர், புக்கிட் பத்து பகாட் குன்றின் சரிவிற் சிதைந்து கிடந்த கோயிலின் கற்களை அடுக்கி மீண்டும் நிறுத்தினார். அதன் அருகிலேயே 1980-இல் அரும்பொருட்காட்சிசாலை திறக்கப்பட்டது. அக்கோயிலின் தரையைக் கூர்ந்து நோக்குவார்க்கு ஓர் உண்மை விளங்கும். அடித்தளம் கருங்கல், ஆயின் கூரையைத் தாங்கியவை மரத்தூண்கள். அத்தூண்கள் நின்ற கற்பீடங்கள் இன்றும் உள்ளன. தெய்வம் இந்தியாவினின்றும் வந்ததேனும், கட்டிய கையும் கட்டிய முறையும் இம்மண்ணுக்கே உரியன.

அதனினும் பெரிய செய்தி சுங்கை பத்துவில் வெளிப்பட்டது. ஆங்கே செம்பனை மரங்களின் கீழே, 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் நிலத்தைச் சதுரஞ் சதுரமாக வகுத்து, படை படையாக அகழ்ந்தனர். படகுத்துறைகளும், செங்கல்லாற் கட்டிய வட்டமானதொரு வழிபாட்டு மேடையும், இரும்பு உருக்கிய உலைக்களங்களும் கிடைத்தன. கரியையும் செங்கல்லையும் சோதித்து, இவற்றுட் சில கி.பி. 2-ஆம் நூற்றாண்டளவின என அவர்கள் கணித்தனர். அதற்கும் பல நூற்றாண்டு முற்பட்டவை உண்டென்னும் கூற்றுப்பற்றி அறிஞரிடையே வழக்கு உண்டு.

இரும்பு உருக்குதல் எளிய தொழிலன்று. மரத்தைச் சுட்டுக் கரியாக்க வேண்டும். கனிமக் கல்லை உடைத்து அக்கரியோடு உலையிலிட வேண்டும். களிமண் ஊதுகுழாய் வழியே துருத்தியால் இடையறாது காற்றூட்ட வேண்டும். வேலை முடிந்தபின் குழாய்த் துண்டுகளும் கசடும் குவியும். அக்குவியல்களே இன்று நம்மோடு பேசுகின்றன. உலையின் முன் வெந்தவர் பெயரை எந்தச் செப்பேடும் சொல்லவில்லை.

இராசேந்திரனது படை வந்தது ஏறத்தாழ கி.பி. 1025-இல். சுங்கை பத்துவின் உலைகளோ அதற்குப் பன்னூறாண்டு முன்னரே எரிந்தவை. ஆகவே கடாரத்தைச் சோழர் உண்டாக்கவில்லை. செழித்திருந்த நாட்டின்மீதே அவர் படையெடுத்தனர். அப்படையெடுப்புக்கு முன், கடாரத்து அரசன் பெயரால் நாகப்பட்டினத்தில் ஒரு பௌத்த விகாரம் எழுந்தது. அதற்கு இராசராச சோழன் ஆனைமங்கலம் என்னும் ஊரை அளித்தமையைச் செப்பேடு கூறும். வாளைப் பாடும் நாம் இந்த நட்பை ஏன் மறந்தோம்? சைவமும் பௌத்தமும் இங்கு அருகருகே வாழ்ந்தன. 2023-24-இல் புக்கிட் சோராஸில் வெளிப்பட்ட, ஆளுயரச் சுதைச் சிலைகளோடு கூடிய பௌத்தக் கட்டடமும் அதற்குச் சான்று. எனவே இப்பள்ளத்தாக்கு எங்கள் மதத்தது, எங்கள் இனத்தது என்று எவர் வாதாடினும் மண் அதனை ஒப்பாது.

2013-இல் 11-ஆம் இலக்கமிட்ட பழங்கட்டடத்தின் எச்சம், வீட்டு மனைக்காக நிலத்தைச் சமன்செய்தபோது இடித்தொழிக்கப்பட்டது. தனியார் நிலத்தில் அது சட்டக் காப்பின்றி இருந்தது. நம்மவர் பெரிதும் வருந்தினர். கண்டன அறிக்கைகள் விட்டனர். அது தக்கதே. ஆயின் ஒன்று கேட்கின்றோம்: இடியுமுன் அதனைச் சென்று கண்டவர் நம்மில் எவர்?

நம் பாட்டன்மார் கடாரங் கொண்டவராய் இங்கு வரவில்லை. கூலிக்காரராய் வந்தனர். அவருட் பலர் கப்பலேறியது அதே நாகப்பட்டினத்திலேதான். அவர்கள் காடழித்த தோட்டங்கள் இன்று ஒவ்வொன்றாய் வீட்டு மனைகளாகின்றன. பெரட்டுக்களமும் லயமும் ஆயாக் கொட்டகையும் மறைகின்றன. தோட்டப் பள்ளியின் பழைய பதிவேட்டைக் கரையான் தின்கின்றது. உலைக்களத் தொழிலாளிக்கு நேர்ந்த கதியே பால்மரம் வெட்டியவளுக்கும் நேர வேண்டுமா? இரும்புக் கசடாவது ஈராயிரம் ஆண்டு நிற்கும். கித்தாப் பாலுக்கு அந்த வலிமையும் இல்லை.

ஆதலின் சோதரர்களே, இரண்டு காரியங்களை நாம் செய்தல் வேண்டும். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை மெர்போக்கிற்கு அழைத்துச் சென்று அக்கற்களையும் ஊதுகுழாய்களையும் காட்டுவோம். வீடு திரும்பியதும் முதியோர் அருகமர்ந்து, அவர்தம் பெற்றோர் எவ்வூரிலிருந்து எவ்வாண்டு வந்தனர், எந்தத் தோட்டத்தில் எந்த நிரையில் மரம் வெட்டினர் என்பதைக் கேட்டு ஏட்டில் எழுதுவோம். முன்னதற்கு ஒரு நாள் போதும். பின்னதற்கு ஒரு பேனாவும் பொறுமையும் போதும். மேடைக் கைதட்டல் அன்றே அடங்கிவிடும். எழுதி வைத்ததோ நம் பேரப்பிள்ளைகளுக்குக் கிட்டும்.