மெதிசசோன்

மெதிசசோன், பெரியம்மை வைரஸ் குடும்பத்துக்கு எதிராக 1960-களில் மனிதர்களிடம் பெரிய அளவில் சோதித்துப் பார்க்கப்பட்ட மருந்து. வாய்வழியே உட்கொள்ளப்படும் இதை பிரிட்டனின் வெல்கம் நிறுவனம் ‘மார்போரான்’ என்ற பெயரில் தயாரித்தது. வைரஸ் நோயை மருந்து கொடுத்துத் தடுக்கலாம் என்ற நம்பிக்கைக்கு வலுவான தொடக்கம் 1963-இல் சென்னையில் நடந்த ஆய்விலிருந்து கிடைத்தது. பின்னர் நடந்த ஆய்வுகள் அந்த நம்பிக்கையைப் பெரிதும் குறைத்தன.

கண்டுபிடிப்பு

பாக்டீரியா தனக்கென உடலும் வளர்சிதை மாற்றமும் கொண்டது; பெனிசிலின் அதன் சுவரைத் தாக்கி அழிக்கிறது. வைரஸோ நம் உயிரணுவுக்குள் புகுந்து, அதன் கருவிகளையே பயன்படுத்திப் பெருகுகிறது. உயிரணுவைக் கெடுக்காமல் வைரஸை மட்டும் தடுக்கும் மருந்து சாத்தியமா என்ற ஐயம் 1950-களில் பரவலாக இருந்தது.

வழி காசநோய் ஆராய்ச்சியிலிருந்து திறந்தது. ஜெர்மனியில் கெர்ஹார்ட் டோமாக் 1940-களில் தயோசெமிகார்பசோன் வகைச் சேர்மங்களைக் காசநோய்க்கு எதிராகச் சோதித்திருந்தார். இவ்வகைச் சேர்மம் ஒன்று கோழிக்கருவிலும் எலியிலும் வேக்சினியா வைரஸைக் கட்டுப்படுத்துவதை 1950-இல் அமெரிக்காவில் டோரதி ஹாம்ரேயும் உடன் பணியாற்றியவர்களும் கண்டனர். வேக்சினியா என்பது அம்மைப்பால் குத்தப் பயன்பட்ட, பெரியம்மை வைரஸின் உறவு வைரஸ். அடுத்து, ஐசட்டின் சேர்ந்த வடிவம் கூடுதல் வீரியம் காட்டியது. அவுரியிலிருந்து கிடைக்கும் நீலச் சாயத்தை ஆக்சிஜனேற்றம் செய்து 19-ஆம் நூற்றாண்டிலேயே பெறப்பட்ட பொருள் ஐசட்டின். வெல்கம் ஆய்வகத்தில் டி. ஜே. பாயர், மூலக்கூறின் பகுதிகளை மாற்றி மாற்றி எலிகளில் ஒப்பிட்டுப் பார்த்தார். அந்த வரிசையில் மெத்தில் தொகுதி சேர்ந்த மெதிசசோன், மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்கத் தேர்வானது.

செயல்படும் விதம்

மெதிசசோன் வைரஸ் உயிரணுவுக்குள் நுழைவதைத் தடுப்பதில்லை, அதன் டி.என்.ஏ. படியெடுக்கப்படுவதையும் நிறுத்துவதில்லை. தொற்றின் பிற்பகுதியில்தான் குறுக்கிடுகிறது. புதிய வைரஸ் துகளைக் கட்டத் தேவையான புரதங்கள் அப்போதுதான் உருவாக வேண்டும். மருந்து இருக்கும்போது அவற்றுக்கான செய்தி ஆர்.என்.ஏ. சிதைந்துவிடுகிறது. டி.என்.ஏ. குவிந்திருந்தும் முழுமையான, தொற்றும் திறனுள்ள துகள்கள் உருவாவதில்லை. மருந்துக்கு அடங்காத வைரஸ் திரிபுகளும் ஆய்வகத்தில் தோன்றின.

சென்னை ஆய்வு, 1963

பெரியம்மை தொற்றியபின் நோய் வெளிப்பட ஏறத்தாழ 12 நாள் ஆகும். தொற்றிய முதல் சில நாள்களுக்குள் அம்மை குத்தினால் பயன் உண்டு; அதன்பின் குத்துவது பெரும்பாலும் காலம் கடந்ததாகிவிடும். வீட்டில் ஒருவருக்கு அம்மை போட்டிருப்பது தெரியவரும்போது, உடனிருப்பவர்களில் பலர் அந்த எல்லையைத் தாண்டியிருப்பார்கள். இந்த இடைவெளியை மருந்தால் நிரப்ப முடியுமா என்பதே கேள்வி.

அப்போது பெரியம்மை ஓயாமலிருந்த சென்னையில், தொற்றுநோய் மருத்துவமனையின் துணையோடு பாயர், எல். செயின்ட் வின்சென்ட், சி. ஹென்றி கெம்ப், ஏ. டபிள்யூ. டவுனி ஆகியோர் நோயாளிகளுடன் நெருங்கிப் பழகியவர்களுக்கு மெதிசசோன் கொடுத்தனர். மருந்து பெற்ற 1,101 பேரில் 3 பேருக்கு மட்டும் நோய் கண்டது, அதுவும் லேசாக. மருந்து பெறாத 1,126 பேரில் 78 பேருக்கு நோய் கண்டு, 12 பேர் இறந்தனர். ‘லான்செட்’ இதழில் அதே ஆண்டு வெளிவந்த இந்த முடிவு உலக மருத்துவ வட்டாரத்தில் பெரும் கவனம் பெற்றது.

பிற்கால ஆய்வுகள்

சென்னைத் தொற்றுநோய் மருத்துவமனையின் ஏ. ஆர். ராவ் குழு மேலும் சோதித்து 1969-இல் முடிவுகளை வெளியிட்டது. முதல் ஆய்வு காட்டிய அளவுக்குப் பாதுகாப்பு அதில் தெரியவில்லை. நோய் கண்டபின் கொடுத்தும் பயனில்லை. மருந்து எது, வெற்று மாத்திரை எது என்பது கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் தெரியாத முறையில் பாகிஸ்தானில் நடந்து 1971-இல் வெளியான ஆய்விலும் குறிப்பிடத்தக்க பாதுகாப்பு கிடைக்கவில்லை. குமட்டலும் வாந்தியும் மருந்தைத் தொடர்ந்து உட்கொள்ளத் தடையாயின. அம்மை குத்தியதால் சிலருக்கு ஏற்பட்ட கடுமையான தோல் பாதிப்புகளுக்கு மட்டும் சில காலம் பயன்பட்டது.

வரலாற்றில் இடம்

பெரியம்மையை ஒழித்தது மருந்தல்ல. தடுப்பூசியும், நோயாளியைத் தேடிப்பிடித்துச் சுற்றியிருப்போரைக் காக்கும் கண்காணிப்பும்தான். இந்தியாவில் கடைசித் தொற்று 1975-இல் பதிவானது. 1980-இல் உலகமே விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. மெதிசசோனுக்கு மருத்துவத் தேவை இல்லாமல் போனது.

ஆனால் வைரஸின் பெருக்கத்தில் ஒரு கட்டத்தை மட்டும் குறிவைக்கலாம் என்ற எண்ணம் பல வழிகளில் வளர்ந்தது. அதே வெல்கம் நிறுவனத்தின் அமெரிக்க ஆய்வகத்தில் 1970-களில் உருவான அசைக்ளோவிர், ஹெர்பிஸ் வைரஸின் நொதியே செயலூட்டும்படி அமைந்ததால் தொற்றிய உயிரணுக்களில் மட்டும் வேலை செய்தது. பெரியம்மைக்கென 2018-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டெகோவிரிமாட், வைரஸ் உறை பெற்று உயிரணுவைவிட்டு வெளியேறுவதைத் தடுக்கிறது. நோயே இல்லாததால் அதன் பயன் குரங்குகளிடமும் முயல்களிடமும் கணிக்கப்பட்டது. மனிதர்களிடம், மருந்து தீங்கற்றதா என்பது சோதிக்கப்பட்டது. அதனால், பெரியம்மை மருந்தின் பயனை நோய் பரவிய வீடுகளிலேயே அளந்த பதிவுகளுக்கு ஆய்வாளர்கள் இன்றும் சென்னை ஆய்வுகளையும் அக்காலத்து மற்ற ஓரிரு கள ஆய்வுகளையுமே நாட வேண்டியிருக்கிறது.